நீர்க்கட்டி

நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் வல்லத்தில் நீர்க்கட்டி என்றால் அது ஒரு மனிதரைக் குறிக்கும். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் மண்வெட்டி, வாயில் பாதி எரிந்த சுருட்டு. ஏரி மதகைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பார்த்துப் பாய்ச்சுவதும் அவர் வேலை. அறுப்பு முடிந்தால் களத்திலேயே அவர் பங்கு நெல்லை அளந்து கொடுத்துவிடுவார்கள். மணியக்காரரை எதிர்த்துப் பேசுகிறவர்கள்கூட நீர்க்கட்டியைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆகையால், 2009-ம் வருஷம் ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் என்னை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாள், "உங்களுக்கு நீர்க்கட்டி இருக்கிறது" என்று சொன்னபோது, துணைக்கு வந்திருந்த என் ஆயா திடுக்கிட்டு, "அவன் செத்து எட்டு வருஷம் ஆச்சே, தாயி!" என்றாள்.

டாக்டரம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருஷமாக வயிறு திறக்கவில்லை என்று ஊரார் பேச்சையெல்லாம் சுமந்துகொண்டு போயிருந்தவள், அந்த அறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்று அந்தச் சிரிப்போடு சங்கதி முடிந்துவிட்டது. ஆயாவின் வாயில் வந்த அந்தத் தவறான பதில்தான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது என்று எனக்குத் தெரிய இன்னும் பதின்மூன்று வருஷங்கள் ஆயின.

கதை எழுதுகிறவளுக்குச் சொந்த உடம்பைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கதாநாயகியின் தலையில் எந்த வியாதியை வேண்டுமானாலும் கட்டலாம்; கேட்பாரில்லை. நம்முடையது என்று வந்துவிட்டால் பேனா தயங்குகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். ஏன் எழுதுகிறேன் என்பது கடைசியில் தெரியும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். அம்மாவுக்கு அதுதான் கணக்குப் புஸ்தகம். பால் கணக்கு, மல்லாட்டை உடைக்க வந்த ஆட்களின் கூலி, சீட்டுப் பணம் எல்லாம் அதில் பென்சிலால் ஏறும். நான் பெரியவளான பிறகு அதில் இன்னொரு குறியும் சேர்ந்தது: ஒரு சின்னப் புள்ளி. வேறு எழுத்துக் கிடையாது. ஆண்கள் பார்த்தால் பென்சில் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் புள்ளி மாதாமாதம் வரவேண்டும் அல்லவா? எனக்கு வராது. கார்த்திகையில் ஒன்று வந்தால் அடுத்தது மாசியில் வரும். ஒரு வருஷத்தின் காலண்டரையே புரட்டினால் ஐந்து புள்ளிகள் இருந்தால் அதிகம். முதலில் எனக்கு இதில் பரம சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்கள் பரீட்சை நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும்போது நான் குதித்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் வரும்போது வட்டியும் முதலுமாக வரும். பத்து நாள், பன்னிரண்டு நாள் படுக்கையோடு போட்டுவிடும். அம்மா கறுப்பு எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுத்தாள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை வேண்டுதல் போட்டாள். சிங்கவரம் ரங்கநாதரைப் பார்க்க என்னைப் படி ஏற்றி அழைத்துப் போனாள். எதற்கு என்று கேட்டால் மட்டும், "உனக்கு நல்ல புத்தி வரத்தான்" என்பாள். டாக்டரிடம் போகலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகாத பெண்ணை அந்த டாக்டரிடம் அழைத்துப் போவதா? ஊர் என்ன சொல்லும்?

புள்ளியாவது காலண்டரோடு போயிற்று. கழுத்து அப்படி மறைந்து போகிற சமாசாரமாக இல்லை.

பதினைந்து வயதில் என் பின்னங்கழுத்தில் ஒரு கறுப்பு படர ஆரம்பித்தது. அழுக்குப்போல் இருக்கும், தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருக்கும். அக்குளிலும் அப்படியே. அம்மா அதை அழுக்கு என்றே தீர்மானித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கிணற்றடியில் குந்தவைத்து, காய்ந்த பீர்க்கங்கூட்டில் பயத்தம் மாவைத் தொட்டுக்கொண்டு தேய்ப்பாள். தோல் சிவந்து எரியும். கறுப்பு மட்டும் போகாது. "பொம்பளப் புள்ளைக்குக் கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கத் தெரியலையே!" என்று அவள் அழுவாள், எரிச்சல் தாங்காமல் நான் அழுவேன். அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்த அன்பு அந்தப் பீர்க்கங்கூட்டில்தான் இருந்தது. ஆனால் நான் சுத்தமில்லாதவள் என்ற எண்ணம் அந்த வயதில் எனக்குள் விழுந்தது. பின்னால் எத்தனை சோப்புப் போட்டும் அது போகவில்லை. என் கல்யாணப் போட்டோவில் கழுத்து மட்டும் வெள்ளைவெளேரென்று இருக்கும். அவ்வளவு பவுடர்!

மோவாயில் முளைத்த மயிரைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லப் போவதில்லை. கண்ணாடியும் நூலும் சின்ன இடுக்கியும் என் தலையணைக்கடியில் எத்தனை வருஷம் இருந்தன என்று தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் ஆயாவுக்கு ஒரு அக்காள் இருந்தாள். பெரிய ஆயா. கனத்த சரீரம், கனத்த குரல், மோவாயில் நாலு நரை மயிர். பிள்ளை இல்லை. புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இருந்து, எங்கள் மாடுகளைப் பார்த்து, எங்களை வளர்த்தாள். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவளும் அதற்கு முன்பே எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். ஐம்பது வயதுக்கு மேல், எல்லாம் நின்ற பிறகு, அவளுக்கு மறுபடி உதிரப்போக்குக் கண்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை; சேலைகளை இருட்டில் துவைத்துக்கொண்டாள். ஒரு நாள் கொட்டகையில் விழுந்துவிட்டாள். பிறகு நாற்பது நாள். இன்னதென்று யாரும் பார்க்கவுமில்லை, எழுதிவைக்கவுமில்லை. இப்போது நான் அதற்குப் பெயர் வைத்தால் அது கதையாகிவிடும். ஆனால் அவளுடைய மோவாயையும் என் மோவாயையும் கண்ணாடியில் சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

எனக்கு 2003-ல் கல்யாணம். 2009-ல் அந்த ஸ்கேன். மாத்திரை கொடுத்தார்கள், எடையைக் குறைக்கச் சொன்னார்கள். 2011-ல் பெண் பிறந்தாள். கர்ப்பமாக இருந்தபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. சோற்றைக் குறைத்துச் சமாளித்தோம். குழந்தை பிறந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. அவர்கள் பார்வையில் நீர்க்கட்டி என்பது குழந்தை பிறக்காத வியாதி. குழந்தை பிறந்துவிட்டது, ஆகையால் வியாதி போய்விட்டது! எனக்கும் அதே கணக்குத்தான். பிரசவத்துக்குப் பிறகு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி சர்க்கரையைச் சோதிக்க வேண்டும், பிறகும் ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வைத்திய விதி. என்னிடம் யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. கையில் குழந்தை இருந்தது.

தமிழ்நாட்டில் 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஒரு திட்டம் வந்தது. வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மறு வருஷம் எங்கள் தெருவுக்கு அந்தப் பெண் பையோடு வந்தபோது, நான் ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனைச் சாகடிப்பதா வேண்டாமா என்று திண்டாடிக்கொண்டிருந்தேன். "என் மாமியாருக்குப் பாருங்கள்" என்றேன். "நீங்களும் கையைக் கொடுங்கக்கா" என்றாள். கொடுத்தேன். மாமியாருக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு 268! அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் மாமியார் முகத்தைப் பார்த்தேன். கதாநாயகன் அன்று பிழைத்துக்கொண்டான். என்னால் அதற்கு மேல் யாரையும் சாகடிக்க முடியவில்லை.

மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். என் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். சீட்டைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு ஜோசியக்காரி மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"சின்ன வயசிலே மாசாமாசம் சரியா வந்ததாம்மா?"

"இல்லை."

"இந்தக் கழுத்துக் கறுப்பு எத்தனை வருஷமா?"

"முப்பது வருஷமா."

"கர்ப்பத்திலே சர்க்கரை இருந்ததா?"

"இருந்தது."

"குறட்டை விடுவீங்களா? பகல்லே தூக்கம் தூக்கமா வருமா?"

குறட்டையைப் பற்றிச் சாட்சி சொல்ல என் வீட்டுக்காரர் வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"மனசு எப்படி இருக்கும்? காரணமில்லாம சோர்ந்து போறது, அழுகை வர்றது?"

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் ஒரு டாக்டர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்லவில்லை. சொல்லாததையே அவள் எழுதிக்கொண்டாள்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றாள். "தனித்தனி வியாதி இல்லை. ஒரு கொடியிலே காய்ச்ச காய்."

காலண்டரில் முப்பது வருஷம் சிதறிக் கிடந்த புள்ளிகளையெல்லாம் ஒரு கோட்டில் சேர்த்துவிட்டாள் அந்தப் பெண்.

அவள் எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பில் இன்சுலின் என்று ஒன்று இருக்கிறது. அதுதான் நீர்க்கட்டி, ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்க்கட்டி. ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரையை ஒவ்வொரு வயலுக்கும் மடை திறந்து விடுவது அதன் வேலை. சில பேருக்கு மடை துருப்பிடித்துப்போகிறது, சுலபத்தில் திறப்பதில்லை. உடம்பு என்ன செய்யும்? ஒரு நீர்க்கட்டி போதாவிட்டால் பத்துப் பேரை அனுப்புகிறது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினால் மடை திறந்துவிடும். ஆகையால் பல வருஷம் சர்க்கரை சரியாகவே இருக்கும். ஆனால் இந்தப் பத்துப் பேர் ஊருக்குள் சும்மா இருப்பார்களா? போகிற வழியெல்லாம் கலகம்! கழுத்துத் தோலைத் தூண்டித் தடிக்கவைத்துக் கறுக்கச் செய்கிறார்கள். சினைப்பைக்குள் போய்ச் சத்தம் போடுகிறார்கள்.

எல்லாப் பெண்களுக்கும் ஆண்தன்மை கொண்ட ஹார்மோன் கொஞ்சம் உண்டு. இந்தச் சத்தத்தில் சினைப்பை அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. மோவாயில் மயிரும், முகத்தில் பருவும், உச்சியில் முடி உதிர்வதும் அதனால்தான். மாதந்தோறும் பல முட்டைப் பைகள் வளர ஆரம்பித்து, அவற்றில் ஒன்று மட்டும் முதிர்ந்து வெடித்து முட்டையை விடவேண்டும். இங்கே எல்லாம் பாதியில் நின்றுவிடுகின்றன. நின்றுபோன அந்தச் சின்னஞ்சிறு பைகள்தான் ஸ்கேனில் மணி கோத்தாற்போல் தெரிகின்றன. அதற்குப் போய் 'கட்டி' என்று பெயர் வைத்து, கேட்கிறவள் குலையை நடுங்க வைக்கிறோம்! அது கட்டியும் அல்ல, அறுத்து எறிய வேண்டியதும் அல்ல. ஆங்கிலப் பெயரும் இதே குழப்பத்தைத்தான் செய்கிறது. 2012-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பெயரே தவறான வழியைக் காட்டுகிறது, மாற்ற வேண்டும் என்று சொன்னது.

டாக்டர்கள் இதைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளங்களை வைத்திருக்கிறார்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் போவது ஒன்று; ஆண் ஹார்மோன் கூடியிருப்பதற்கான அறிகுறி ஒன்று; சினைப்பையின் ஸ்கேன் தோற்றம் ஒன்று. மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற மற்றக் காரணங்கள் இல்லையென்று தெரிந்தால் போதும். 2003-ல் ஐரோப்பாவில் ராட்டர்டாம் நகரத்தில் கூடி வகுத்த கணக்கு இது. எங்கள் செஞ்சிக்காரர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். பஸ்ஸில் வரும்போது மூன்றும் ஒரே சமயத்தில் தெரியவேண்டும் என்பதில்லை. இரண்டைக் கண்டாலே செஞ்சி வந்துவிட்டது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவோம்.

வியாதி புதியதுமல்ல. 1721-லேயே இத்தாலியில் வல்லிஸ்னேரி என்ற வைத்தியர், கல்யாணமாகியும் பிள்ளையில்லாத பருமனான குடியானவப் பெண்களின் சினைப்பை வெளுத்துப் பளபளவென்று, புறா முட்டையளவு பெருத்திருந்ததை எழுதிவைத்திருக்கிறார். 1921-ல் பிரான்சில் அஷார், தியேர் என்ற இருவர் 'தாடி முளைத்த பெண்களின் நீரிழிவு' என்றே ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது; பிறகு, மோவாய்க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டென்று நான் பிறப்பதற்கு அறுபது வருஷத்துக்கு முன்பே யாரோ கவனித்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. 1935-ல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களின் கதையை எழுதிய பிறகுதான் இது புஸ்தகத்தில் ஒரு வியாதியாக ஏறியது. அவர்கள் சினைப்பையில் ஒரு துண்டை அறுத்து எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்குத் திரும்பியது. இரண்டு பேர் கர்ப்பமானார்கள். இன்றைக்கு முட்டையை வெளிப்படச் செய்ய மாத்திரைகள் இருக்கின்றன. கத்தி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

நம் தேசத்தில் எத்தனை பேருக்கு? பல மாநிலங்களில் 18 முதல் 40 வயது வரையுள்ள ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்து 2024-ல் ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. கறாரான அளவுகோலில் நூற்றுக்கு 7 பேர். ராட்டர்டாம் அளவுகோலில் கிட்டத்தட்ட 20 பேர். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் காலையில் நிற்கிற பெண்களை எண்ணிப் பாருங்கள். உங்கள் தெருவிலும் எண்ணிப் பாருங்கள்.

குழந்தை இல்லை என்பதற்காகத்தான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். உண்மையில் இந்த வியாதிக்காரிகளில் பலர் தாமாகவோ மருந்தின் உதவியாலோ தாயாகிறார்கள். அது அல்ல பெரிய ஆபத்து. பத்து நீர்க்கட்டிகளை வருஷக்கணக்கில் அனுப்பி அனுப்பி உடம்பு ஒரு நாள் ஓய்ந்துபோகிறது. அன்று சர்க்கரை வியாதி வருகிறது. ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈரலில் கொழுப்புப் படிவது, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது, மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் இதன் சொந்தபந்தங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு வராமல் போனால் கர்ப்பப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகிறது. வருஷக்கணக்கில் விட்டால் அதில் சிலருக்குப் புற்றுநோய் வரக்கூடும். மற்றப் பெண்களைவிட இவர்களுக்கு அந்த அபாயம் அதிகம். ஆனால் மொத்தத்தில் பார்த்தால் வருவது சிலருக்குத்தான். ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் மாத்திரை கொடுத்தாவது வரவழைக்கிறார்கள். வருஷத்துக்கு நாலு புள்ளியாவது வேண்டும். எல்லாம் நின்றபிறகு ஒரு சொட்டு உதிரம் கண்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். இதைக் கேட்டபோது மாட்டுக் கொட்டகை என் கண்முன் வந்தது. டாக்டரிடம் சொல்லவில்லை.

இதை வேரோடு பிடுங்க மருந்து கிடையாது. கட்டிப்போட்டு வைக்க உண்டு. நடை, அளவான சாப்பாடு, தேவைப்பட்டால் மாத்திரை. பருமனானவர்கள் தங்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பல பேருக்குப் புள்ளிகள் திரும்புகின்றன. ஒல்லியானவர்களுக்கும் இந்த வியாதி வருகிறது என்பதை, குண்டாக இருப்பவளைக் கண்டால் உபதேசம் செய்ய ஓடிவருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எள்ளுருண்டையும் வெந்தயமும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் டாக்டர் செய்ய வேண்டியதை எள்ளுருண்டை செய்யாது. எள்ளுருண்டையில் வெல்லம் வேறு இருக்கிறது.

இதுவரை என் கதை. இனிமேல்தான் சங்கடமான பகுதி.

"இது குடும்பத்தோடு வருகிற வியாதி, வீட்டில் பெண்கள் இருந்தால் பாருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தாள். என் மகளுக்கு இப்போது பதினாலு வயது; புள்ளிகள் ஒழுங்காக விழுகின்றன. ஆரம்பத்தில் இரண்டு மூன்று வருஷம் முன்பின்னாக வருவது சகஜம் என்பதால் அவசரப்படாமல் கவனித்து வருகிறேன். ஆனால் என் அண்ணனுக்கு ஒரு பெண் இருக்கிறாள். பத்தொன்பது வயது. கல்லூரியில் படிக்கிறாள்.

சென்ற வருஷம் 2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது அல்லவா? அதையொட்டிக் கோட்டையைப் பார்க்கவேண்டும் என்று அண்ணன் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. மறுநாள் காலையில் கிணற்றடியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அண்ணி அந்தப் பெண்ணைக் குந்தவைத்து, குனியவைத்து, கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் பீர்க்கங்கூடு.

"போட்டோ எடுக்கப் போறோம், கழுத்தைப் பாரு இவளுக்கு!" என்றாள் அண்ணி.

அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. முதுகெலும்பு மட்டும் தெரிந்தது. நான் என் பதினைந்தாவது வயதின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊருக்குப் பெருமையாகக் கோட்டை இருக்கிறது. அதற்குப் பட்டியல் இருக்கிறது. இந்தக் கழுத்தும் ஒரு பாரம்பரியம்தான். பெரிய ஆயாவிடமிருந்து, ஒருவேளை அவளுக்கும் முன்னால் யாரிடமிருந்தோ, கை மாறி வந்திருக்கிறது. இதை யார் பட்டியல் போட்டார்கள்?

"அண்ணி, தேய்க்காதீங்க. அது அழுக்கில்லை" என்றேன்.

அன்று மாலை அண்ணியைத் தனியாக அழைத்து எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு மெதுவான குரலில், "தை மாசம் பெண் பார்க்க வர்றாங்க. நல்ல இடம். இந்தச் சமயத்திலே நீ இவளுக்கு ஒரு வியாதிப் பேரை வைக்கிறியா?" என்றாள். "உனக்கு இருந்தது, குழந்தை பொறக்கலையா? அதுபோல அதுவாச் சரியாயிடும். நாலு பேர் காதிலே விழுந்தா யார் கட்டிக்குவாங்க?" மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். கோட்டையைப் பார்க்கவில்லை.

அண்ணியின் பயத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய ஆயாவின் புருஷன் ஏன் போனான் என்று அவளுக்கும் தெரியும். பெண்ணைப் பெற்றவள், பெயரில்லாத வியாதியைவிடப் பெயருள்ள வியாதிக்கு அதிகம் பயப்படுகிறாள். பெயர் இருந்தால் அது வெளியே நடந்து போகும். நாலு வீட்டுத் திண்ணையில் உட்காரும். நானே ஆறு வருஷம் ஆஸ்பத்திரிச் சீட்டைப் புடவை மடிப்பில் ஒளித்து வைத்தவள்தான். ஆனால் ஒளித்து வைத்ததால் என் சர்க்கரை ஏறாமல் நிற்கவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அண்ணிக்கு நல்ல நாத்தனாராக இருந்திருப்பேன். இருபது வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் வாசலில் யாரோ விரலைக் குத்தி 268 என்று சொல்லியிருப்பார்கள்.

இரண்டு மாதம் அண்ணன் வீட்டிலிருந்து டெலிபோன் இல்லை. பொங்கல் சீர் மட்டும் ஆள் வசம் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் வேறு ஏதோ காரணத்துக்காக, நகை விஷயம் என்று கேள்வி, பேச்சை முறித்துக்கொண்டார்கள். அந்தப் பாவம் என் தலையில் விழாமல் தப்பியது கடவுள் செயல்.

மாசி மாதம் ஒரு நாள் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "அத்தை, நாலு மாசமா வரலை. அம்மாகிட்ட சொன்னேன். அம்மா உங்ககிட்ட பேசச் சொன்னாங்க" என்றாள். பின்னாலிருந்து அண்ணியின் குரல்: "எந்த டாக்டர்னு மட்டும் கேளு."

மூன்று பேருமாகப் போனோம். அதே டாக்டர். ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று சொன்னது அண்ணிக்கு ஆச்சரியம். பெரியவளாகி எட்டு வருஷம் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை நம்பி முடிவு கட்டக் கூடாதாம். நல்ல பெண்ணுக்கும் அப்படித் தெரியுமாம். மாதவிலக்கையும் மற்ற அறிகுறிகளையும் வைத்தே பார்த்தாள். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தாள். சர்க்கரை இன்னும் ஏறவில்லை. மடை துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, ஏரி உடையவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தாள். தினமும் நடக்கச் சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணின் கழுத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்து, "இது அழுக்கு இல்லைம்மா. தேய்ச்சா போகாது, உள்ளே சரியானா மெல்லக் குறையும்" என்றாள்.

அண்ணி அழுதாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினாளோ!

வெளியே வந்ததும் அந்தப் பெண் இளநீர் கேட்டாள். மூவரும் வண்டிக்காரனிடம் நின்று குடித்தோம். "கல்யாணப் பேச்சு வந்தா இதைச் சொல்லணுமா, அத்தை?" என்று கேட்டாள். நான் பெரிய தத்துவம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணியே, "சொல்லிடலாம். கேட்டுட்டுப் போறவன் முன்னாடியே போகட்டும்" என்றாள். என் நாவல்களில் இப்படி ஒரு வசனத்தை எந்த மாமியாருக்கும் எந்தத் தாயாருக்கும் நான் எழுதியதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை. பேர் மட்டும் போடாதீங்க" என்றாள். போடவில்லை.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களைச் சுவரில் காலண்டர். பால் கணக்கு, காஸ் வந்த தேதி. நடுவில் ஒரு புள்ளி. பென்சிலால் அல்ல, சிவப்பு மையால் பளிச்சென்று போட்டிருந்தது. அண்ணன் அதைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டாராம், அண்ணி சொல்லிவிட்டாளாம்.

கிணற்றடியில் கை கழுவப் போனேன். பீர்க்கங்கூடு அங்கேதான் கிடந்தது. அதை வைத்து அண்ணி பால் செம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.